உரிமம் புதுப்பிக்கப்படவில்லை

பதினோரு வருடம் நான் காரைக்குடியில் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வருகிற எங்கள் பக்கத்து ஆட்கள் பலருக்கும் கிடைக்கிற வேலைதான். சொந்தமாகத் துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் இருந்தால் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். என் ஊர் ஒக்கூர்ப் பக்கம். நிலத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, டவுனில் வாடகைக்கு வீடு பிடித்து நானும் என் மனைவியும் குடியேறினோம். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தோம்.

அது இரட்டைக் குழல் துப்பாக்கி. காலையில் கான்வாஸ் உறைக்குள் போட்டு மொபெட்டில் கொண்டுபோவேன். சாயங்காலம் அதேபோல வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவேன். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட அதைத் தோளுக்கு உயர்த்த வேண்டி வந்ததில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பது அந்த வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. செலான் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள்கூட என்னைத் தாண்டி உள்ளே போய்க் கேட்பார்கள். என் பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும். கூட்டம் நெரிகிற பென்ஷன் நாளில் கால் வலிக்க நிற்பார்களே தவிர, அதில் வந்து உட்கார மாட்டார்கள். வீட்டில் மனைவி இருந்தவரைக்கும் அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. கதவைத் திறக்கும்போதே, "இன்னைக்கு எத்தனை பேரைச் சுட்டீக?" என்று கேட்பாள். பகல் முழுக்கப் பேசாமல் சேர்ந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிடும்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. இரண்டு வருடம் மதுரைக்கும் காரைக்குடிக்குமாக அலைந்தோம். ஒரு ஆடி மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியம் முடிந்ததும் மகள், "அப்பா, எங்ககூட வந்துருங்க" என்றாள். வேலை இருக்கிறதே என்றேன். அவள் ஊருக்குப் போன மறுநாள் நானும் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் எப்படிப் போயின என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தூக்கம் போனது. பசி போனது. பேசாமல் இருப்பது பழகி, மகள் போனில் கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் வாய் வராது. பேங்கில் யாரும் கவனிக்கவில்லை. நான் எப்போதும் இருந்தபடிதானே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துப்பாக்கியைத் துடைக்க வெளியே எடுத்தேன். வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டுத் துடைப்பது ராணுவத்திலிருந்து வந்த பழக்கம். அன்றைக்குத் துடைத்து முடித்த பிறகும் அதைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எழுந்தேன். கைலியை மாற்றி வேட்டி கட்டினேன். துப்பாக்கியை உறைக்குள் போட்டு, தோட்டாக்களைத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் ரைட்டர் மட்டும் இருந்தார். எங்கள் பக்கத்து ஆள்தான், பார்த்தால் தலையாட்டுகிற அளவுக்குப் பழக்கம்.

"என்னண்ணே, எலெக்‌ஷன்கூட இல்லையே. எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு வாரீக?"

தேர்தல் வந்தால் ஊரில் உள்ள துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போகும். பேங்க் காவலுக்கு இருப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் அவருக்கு ஆச்சரியம்.

"மக வீட்டுக்குப் போறேன். வர நாளாகும். பூட்டின வீட்டுல வைக்க வேண்டாம்னு பாத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கையில் பெட்டி இல்லை, ஊருக்குப் போகிற ஆளுக்குரிய எதுவும் இல்லை. துப்பாக்கியை வாங்கி, எண்ணைச் சரிபார்த்து, ரசீது எழுதினார். எழுதிக்கொண்டே, "அவசரமா வந்து வாங்கணும்னு இல்லண்ணே. இங்குட்டுப் பத்திரமா இருக்கும்" என்றார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டு அப்படிச் சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. வெளியே வந்து வேப்பமர நிழலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாளே மதுரைக்குப் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். காரைக்குடியிலும் டாக்டர்கள் உண்டு. ஆனால் பேங்குக்கு வருகிற பாதிப் பேராவது உள்ளூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். மதுரை டாக்டர் மாத்திரை எழுதினார். பேங்கில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி இரண்டு மாதம் விடுப்பு எடுத்தேன். மகளிடம் வேலை இருப்பதாகச் சொன்னேன். இரண்டு பொய்க்கும் நடுவில் வாடகை வீட்டில் தனியாக இருந்து மாத்திரையைச் சாப்பிட்டேன்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலையில் எழுந்ததும் இட்லி வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அது எனக்கு எத்தனை பெரிய விஷயமாக இருந்தது என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்ல ஆள் இல்லை. டாக்டர் தைரியம் சொன்ன பிறகு துப்பாக்கியைத் திரும்ப வாங்கி வேலைக்குப் போனேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்குப் போய் வாங்கி வருவேன். அட்டையை வீட்டிலேயே பிரித்து, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்துக்கொள்வேன்.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தது.

இந்தத் தடவை விண்ணப்பத்தோடு டாக்டர் சான்றிதழ் வைக்க வேண்டும் என்றார்கள். உடல்நலத்துக்குப் பாதி, மனநலத்துக்குப் பாதி. மற்ற துப்பாக்கிக்காரர்கள் எல்லாம் ஒரே டாக்டரிடம்தான் போனார்கள். கண் தெரிகிறதா, கை நடுங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாராம். நானும் போனேன். வயதானவர். பிரஷர் பார்த்தார், விரலை நீட்டச் சொன்னார். பேனாவை எடுத்தவர், படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மனசு எப்படி இருக்கு? தூக்கமெல்லாம் வருதா?"

ஒப்புக்குக் கேட்டதாகவே இருக்கலாம். வருது என்று சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் முத்திரை விழுந்திருக்கும். ஆனால் மனைவி போன பிறகு மதுரை டாக்டரைத் தவிர ஒருவரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"மாத்திரை சாப்பிட்டா வருது டாக்டர்" என்றேன்.

"என்ன மாத்திரை?"

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். கோபமில்லை, சங்கடப்பட்டார். "இதைச் சொல்லிட்டீகளே. இனிமே நான் போட்டா தப்பாயிரும். சிவகங்கை பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன். அங்க மனநலப் பிரிவுல பாத்துச் சொல்லட்டும்."

சிவகங்கையில் இருந்தவர் இளம் பெண். என் மகளைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். வெளியே நீளமான வரிசை இருந்தும் அரைமணி நேரம் என்னிடம் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் வந்துவிட்டது.

"நீங்களா போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சீங்களா?"

"ஆமாம்மா."

"அது ரொம்பப் பெரிய காரியம் ஐயா." மறுபடி பேனாவை எடுத்தார். "இப்ப நீங்க நல்லா இருக்கீங்க. மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்க. அதை அப்படியே எழுதுவேன். மாத்திரை சாப்பிடுறவங்க எல்லாரும் துப்பாக்கி வைக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உங்களை ஒண்ணு கேக்கறேன். மறுபடி அப்படி ஒரு மத்தியானம் வந்தா, வீட்ல வேற யாராவது இருப்பாங்களா?"

"இல்லம்மா."

அவர் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். இப்போது நலமாக இருக்கிறார், தொடர்ந்து சிகிச்சை எடுக்கிறார் என்று எழுதினார். தனியாக வசிப்பவர் என்பதால் வீட்டில் ஆயுதம் வைத்திருப்பதைப் பரிந்துரைக்க இயலவில்லை என்றும் எழுதினார். என்னிடம் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அவர்மேல் கோபப்பட நினைத்தேன், வரவில்லை.

அதன் பிறகு விசாரணை. போலீஸ் தரப்பிலிருந்து ஒருவர் தெருவுக்கு வந்து நாலு வீட்டில் கேட்டார். இவர் நடத்தை எப்படி, கோபப்படுவாரா, தனக்குத் தானே பேசிக்கொள்வாரா? கேட்டது அவர் கடமை. ஆனால் அவர் திரும்பிப் போன அன்றைக்கே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மா சாயங்காலம் தன் பேரப்பிள்ளையை என் வாசலில் விளையாட விடாமல் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். கடைக்காரர் சில்லறையை என் கையில் வைக்காமல் மேஜைமேல் வைத்தார். நானாகக் கற்பனை செய்கிறேனோ என்றும் நினைத்தேன். ஆனால் துப்பாக்கியோடு இருந்தவனைப் பார்த்து ஒதுங்கிய ஒதுக்கம் எனக்குப் பழக்கம். இது வேறு.

ஆறேழு வாரம் கழித்துக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, ஆயுதத்தை உடனடியாக ஒப்படைக்கவும். மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அன்று முழுவதும் அதைப் படித்துப் படித்துப் பார்த்தேன். நான் பொய் சொல்லியிருந்தால் கையில் துப்பாக்கியும் வேலையும் இருந்திருக்கும். உண்மையைச் சொன்னேன், இரண்டும் போனது. அதே சமயம், அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விக்கு எத்தனை தடவை யோசித்தாலும் என்னிடம் அந்த ஒரே பதில்தான் இருந்தது. மேல்முறையீடு செய்யவில்லை.

பேங்க் மேனேஜர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர். தட்டுத் தடுமாறித் தமிழில் வருத்தம் சொன்னார். துப்பாக்கி இல்லாமல் ஆள் வைக்க மேலிடத்தில் அனுமதி இல்லையாம், எப்படியும் கேமரா இருக்கிறதாம். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பணம் எண்ணும் கவுன்டரில் இருந்த பெண், "சார், நீங்க பேசி நான் இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றாள். ஏழு வருடமாக அவளைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி பிறகு ஒரு டீலர் வழியாக விலைக்குப் போய்விட்டது. அதன் பிறகு வீட்டில் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பயம் போய்விட்டது. ஆனால் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எது, திங்கட்கிழமை எது என்ற வித்தியாசம் போய்விட்டது. மகளிடம் கண்பார்வை காரணமாக லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று சொன்னேன். "கண்ணாடி மாத்துனா சரியாயிருமேப்பா" என்றாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து வலையபட்டியில் வெளிநாட்டிலிருக்கும் ஒரு குடும்பத்தின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. முன்கட்டைத் திறந்து வைத்து, சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விட்டு, ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஒருவரும் வர மாட்டார்கள். அத்தனை தூண்களுக்கு நடுவே நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன்.

அங்கேதான் ஒருநாள் ஒருவர் வந்தார். டவுனில் இன்னொரு பேங்கில் துப்பாக்கியோடு இருப்பவர், என்னைவிட நான்கைந்து வயது சின்னவர், அவரும் ராணுவம். வருடத்துக்கு ஒரு தடவை துப்பாக்கியைக் காட்டிச் சரிபார்க்கப் போகும்போது கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் சந்தித்துப் பேசிக்கொள்வோம். என் வாழ்க்கையில் நண்பர் என்று சொல்ல அந்தச் சமயத்தில் மிச்சம் இருந்தவர் அவர்தான். வீடு பார்க்க வந்தவர் மாதிரி தூண்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அண்ணே, நீங்க மாத்திரை சாப்பிடுறதா சொன்னதாலதானே போச்சு?"

"ஆமா."

"நான் சொல்லலண்ணே."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவருக்கும் மாத்திரை. மூன்று வருடமாக. என் கதையைக் கேள்விப்பட்டுப் பயந்துபோயிருந்தார்.

"கேட்டாக, இல்லேன்னு சொன்னேன். அது பொய்யாயிரக் கூடாதுன்னு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்திப்புட்டேன். இப்ப லைசென்ஸ் வந்திருச்சு."

"நிறுத்தி எவ்வளவு நாளாச்சு?"

"நாலு மாசம்."

"தூங்குறீகளா?"

கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று தவறிப் போட்டிருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய என்னை எதிரே உட்கார வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தது.

அன்றைக்கு நேரத்தோடு வீட்டைப் பூட்டினேன். அடுத்த நாள் அவரை விடுப்பு எடுக்கவைத்து, மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது பிள்ளையார்பட்டியில் பஸ் நின்றதும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிச் சாப்பிட்டோம். "மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சிர்றேண்ணே. யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். சரி என்றேன்.

ஆனால் அந்தப் பேச்சை நான் காப்பாற்றவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு மனைவி இருந்தார். எனக்கு இல்லாதது அதுதான். மூன்றாம் நாள் அவர் வேலையில் இருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீரோச் சாவி இனிமேல் உங்கள் கையில் இருக்கட்டும் என்றேன். அந்த அம்மா அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலையில நான் எடுத்துக் குடுக்குறேன், சாயங்காலம் நானே வாங்கி வைக்கிறேன். மாத்திரை தீந்தா நானே மதுரைக்குப் போயி வாங்கியாரேன்" என்றார்.

அன்று மாலையே நண்பர் போன் செய்தார்.

"ஒங்களை நம்பித்தானே சொன்னேன். எம் பொண்டாட்டிட்ட போயி என்னையப் பைத்தியம்னு சொல்லிட்டு வந்திருக்கீக."

"அப்படிச் சொல்லலப்பா."

"ஒங்களுக்குப் போச்சு, எனக்கு இருக்குன்னு பொறாமை" என்றார். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். பார்த்தும் பார்க்காமல் கான்வாஸ் உறையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனார்.

நான் அதிகாரிகளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால் துப்பாக்கி போயிருக்கும், வேலை போயிருக்கும், அவர் மறுபடி மாத்திரையை வாங்கியிருப்பாரா என்றும் தெரியாது. சொல்லாமல் விட்டதால் ஒரு பொய்ச் சான்றிதழ் சிவகங்கையில் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது, அதற்கு நானும் உடந்தை. பல நாள் இதை யோசித்திருக்கிறேன். நாற்காலியில் தனியாக இருப்பவனுக்கு யோசிக்க நேரம் நிறைய. ஒரு முடிவுக்கும் வந்ததில்லை. சிகிச்சை எடுப்பவன் துப்பாக்கியை இழப்பான், எடுக்காதவன் வைத்துக்கொள்வான் என்று ஆட்கள் நினைத்துவிட்டால் பிறகு யார் டாக்டரிடம் போவார்கள் என்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாராம்.

மாதத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் மதுரைக்குப் போய் வந்த மறுநாள், நண்பரின் மனைவி எனக்குப் போன் செய்கிறார். கணவர் வேலைக்குப் போன பிறகு, குரலைத் தணித்துப் பேசுவார்.

"அண்ணே, சாப்பிடுறாக. தூங்குறாக. நேத்து டிவி பாத்துச் சிரிச்சாக."

"நல்லதும்மா. சாவி?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

வேறு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. வெயில் அதிகம் என்பார், ஆமாம் என்பேன். வைக்கட்டுமாண்ணே என்பார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். முந்தின தடவை கூப்பிட்டபோது மழை பெய்துகொண்டிருந்தது. முற்றத்துத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் சாவியைப் பற்றி அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.